முடிசூட்டு விழா அன்று கிளாஸ்கோ தெரு ஏன் சும்மா கிடந்தது?

கேட்டவர் கிளாஸ்கோவில் முதுகலை படிக்க வந்திருக்கும் மாணவர். 2023 மே 6ஆம் தேதி மன்னர் சார்லஸ் முடிசூட்டிக்கொண்ட வார இறுதியில், தென் இங்கிலாந்தில் சர்ரேயில் இருக்கும் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினாராம். தெருவை அடைத்து, நடுரோட்டில் மேஜை போட்டு, வீட்டுக்கு வீடு தோரணம் கட்டித் தெருவே உட்கார்ந்து சாப்பிடுகிறது. இவர் தெருவில் ஒரு காகிதக் கொடிகூட இல்லை. பகுதிநேர வேலை பார்க்கும் கடையில் 'ஹேப்பி கொரோனேஷன்' என்று வாழ்த்தியதற்கு ஒருவர் சிரித்தார், இன்னொருவர் காது கேட்காத மாதிரி போய்விட்டார். 'ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ராஜாவைப் பிடிக்காதா? ஒரே நாட்டுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம்? நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?' என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த ஊரில் தெருவிருந்து நடக்கிறது என்பது ஒன்று. எந்த ஊர்க்காரர்களுக்கு அரச குடும்பத்தின்மேல் பிடிப்பு அதிகம் என்பது இன்னொன்று. ஒவ்வொரு அரச விழாவின்போதும் பத்திரிகைகள் முதலாவதை எண்ணிப் பார்த்து இரண்டாவதற்கு விடை சொல்லிவிடும். தெற்கே இத்தனை ஆயிரம் மனு, வடக்கே சொற்பம், ஆகவே வடக்கே ராஜவிசுவாசம் குறைவு என்று தலைப்பு வந்துவிடும். அந்த மனுக்களைக் கையில் வாங்கி முத்திரை குத்திய ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கை அப்படிப் போட முடியாது.

நான் தென் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் சாலைப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ராணியின் 2002 பொன்விழா, 2011இல் வில்லியம்–கேட் கல்யாணம், 2012 வைர விழா, 2022 பிளாட்டின விழா என்று நாலு தடவை தெருவடைப்பு மனுக்கள் என் மேஜை வழியாகப் போயின. முடிசூட்டு விழாவுக்குள் ஓய்வு பெற்றுவிட்டதால் அன்றைக்கு முதல்முறையாக மேஜைக்கு அந்தப் பக்கம், சாப்பிடுகிறவனாக உட்கார்ந்தேன். ஆகவே இங்கிலாந்தின் காகிதக் கட்டு எனக்கு நேரடியாகத் தெரியும். ஸ்காட்லாந்து, பதினாலு வருஷமாக கிளாஸ்கோவில் இருக்கும் தங்கை வழியாகத் தெரியும். வட அயர்லாந்துக்கு இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்த படிப்பு.

முதலில் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லண்டனுக்கு வெளியே ஒரு தெருவை விருந்துக்காக அடைக்க, பெரும்பாலான கவுன்சில்கள் இன்றும் கையில் எடுப்பது 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம், 21ஆம் பிரிவு. ஊர்வலம், கொண்டாட்டம், விளக்கு அலங்காரம் ஆகிய காலங்களில் போக்குவரத்தைத் திருப்பிவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. விக்டோரியா காலத்துக்காரர்கள் எழுதியது, நம் ஊர் தேரோட்டத்துக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். இதில் வசதி என்னவென்றால் பத்திரிகை அறிவிப்பு தேவையில்லை, செலவு கிட்டத்தட்ட இல்லை. 2011 கல்யாணத்துக்கு முன்னால் அமைச்சராக இருந்த எரிக் பிக்கிள்ஸ், கவுன்சில்கள் அநாவசியமாகக் காப்பீடு, படிவம் என்று மக்களை இழுத்தடிக்கக் கூடாது என்று ஊரறியச் சொன்னார். அந்த வருஷம் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 5,500 தெருவடைப்பு மனுக்கள். அடுத்த வருஷம் வைர விழாவுக்கு ஏறத்தாழ 9,500. பதினாலே மாதத்தில் ராஜபக்தி அத்தனை சதவீதம் ஏறிவிடவில்லை. ஒரு தடவை நடத்திப் பார்த்தவர்களுக்கு எப்படி நடத்துவது என்று தெரிந்துவிட்டது, பக்கத்துத் தெரு அதைப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான்.

மனு போடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பங்கு முட்டுச்சந்துகளிலிருந்து வந்தவை. இருபது முப்பது வீடு, ஒரே வாய், பஸ் போகாது, எல்லாம் சொந்த வீட்டுக்காரர்கள், பத்து பதினைந்து வருஷப் பழக்கம். மெயின் ரோட்டு மேல்மாடி வாடகை வீடுகளிலிருந்து ஒரு மனுகூட நான் பார்த்ததில்லை. 2012இல் ஒரு அம்மாள் படிவத்தையும், தெருவின் வரைபடத்தில் எங்கே தடுப்பு வைக்கப்போகிறார் என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டதையும் கொண்டுவந்து கவுன்டரில் நீட்டினார். நான் பேச்சுக்கு, 'ராணியென்றால் ரொம்பப் பிடிக்குமோ?' என்றேன். 'எனக்கு அந்தக் குடும்பமே ஆகாது. ஆனால் வருஷத்தில் ஒரு நாளாவது பிள்ளைகள் நடுரோட்டில் சைக்கிள் விடட்டும்' என்றார். அவர் மனுவும் அந்த வருஷக் கணக்கில் ஒன்றுதான். (அந்த வார இறுதியிலேதான் எங்கள் அலுவலகம் ஒரு தெருவடைப்பைப் பஸ் கம்பெனிக்குச் சொல்ல மறந்தது. மேஜைகளுக்கு இருபது அடி தூரத்தில் வந்து நின்ற பஸ்ஸின் ஓட்டுநருக்குத் தட்டில் கேக் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே எடுக்க வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை முடிந்து வந்ததும் வாங்கிய திட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

நம் ஊர்க்காரர்களுக்கு இதை ஒரே வரியில் புரியவைக்கலாம். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற தெருவெல்லாம் பக்திமான்கள் தெரு, ஊற்றாத தெருவெல்லாம் நாத்திகர் தெரு என்று யாராவது சொல்வார்களா? வீடு வீடாக ஏறி வசூல் பண்ண ஓர் ஆள் இருக்கிற தெருவில் கூழ் ஊற்றுவார்கள். இங்கேயும் அதே கதைதான். தெருவிருந்தின் ஆரம்பமே அரண்மனையில் இல்லை. முதல் உலகப்போர் முடிந்து 1919இல் பிள்ளைகளுக்காகத் தெருவில் வைத்த தேநீர் விருந்துகளிலிருந்துதான் இந்தப் பழக்கத்தைச் சொல்வார்கள். பிறகு 1935 வெள்ளி விழா, 1937, 1953 முடிசூட்டு விழாக்கள் என்று அரச விசேஷங்களோடு அது ஒட்டிக்கொண்டது.

இதற்கு நல்ல சாட்சி பிரிஸ்டல். தெருவிருந்துக் கணக்கில் அந்த ஊர் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். ஆனால் அது அரசியலில் இடதுசாரி ஊர். 2020இல் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையைப் பிடுங்கி ஆற்றுத்துறையில் உருட்டியவர்கள், 2024இல் பசுமைக் கட்சிக்காரரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். அங்கே ஏன் அத்தனை விருந்து? தெருவைக் காரிடமிருந்து மீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2009 முதலே அங்கே பெற்றோர்கள் கிளம்பி, மாதம் ஒரு தடவை தெருவை அடைத்து விளையாட விடுகிறார்கள். தெருவிருந்து நடத்த வழிகாட்டுகிற அமைப்பும் அந்த ஊரில்தான் இருக்கிறது. தடுப்புப் பலகை கராஜில் தயாராக இருக்கிற தெருவுக்கு, ராணி விழா ஒரு சாக்கு.

இப்போது உங்கள் கிளாஸ்கோவுக்கு வருவோம். நான் சொன்ன 1847 சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. அங்கே சாலைச் சட்டம் வேறு, நடைமுறை வேறு. வீடுகளும் வேறு. கிளாஸ்கோவில் பெரும்பகுதி டெனமென்ட் எனப்படும் நாலு மாடிக் கல் கட்டடங்கள். ஒரு படிக்கட்டுக்கு எட்டுக் குடும்பம். அவர்களுடைய பொது இடம் முன்னாலிருக்கும் தெருவில் இல்லை, துணி காயப்போடும் பின்முற்றத்தில் இருக்கிறது. அங்கே மேஜை போட்டால் யாரிடமும் மனு போட வேண்டியதில்லை, எந்தக் கணக்கிலும் வராது. என் தங்கை படிக்கட்டில் கோடைக்காலத்தில் நாலு குடும்பம் சேர்ந்து பின்முற்றத்தில் இறைச்சி சுடுவார்கள். அதே ஆட்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் கூச்சப்படுவார்கள். விடுமுறையும் ஒரு காரணம். ஸ்காட்லாந்தில் வங்கி விடுமுறை என்று அறிவித்தால் எல்லா வேலையிடமும் மூடிவிடாது. ஒவ்வொரு நகரத்துக்கும் அதன் சொந்த உள்ளூர் விடுமுறைகள் உண்டு. 2012 வைர விழாத் திங்கட்கிழமை தங்கைக்குப் போன் போட்டு 'என்ன விசேஷம்?' என்றேன். 'வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருக்கேன், அண்ணா, அப்புறம் பேசு' என்று வைத்துவிட்டாள்.

ஆனால் கிளாஸ்கோக்காரர்கள் கொண்டாடவே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். 2011 கல்யாணத்தன்று கெல்வின்குரோவ் பூங்காவில், ஃபேஸ்புக்கில் பரவிய அழைப்பை நம்பி ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடிக் குடித்துக் கூத்தடித்து, கடைசியில் போலீஸ் வந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. அதில் எத்தனை பேர் மணமக்களை வாழ்த்த வந்தார்கள் என்று கேட்காதீர்கள். வெயில் அடித்தது, லீவு கிடைத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, வித்தியாசமே இல்லை, எல்லாம் படிவக் கோளாறு என்று நான் முடித்தால் அது பொய். வித்தியாசம் உண்டு. மன்னராட்சி தொடர வேண்டுமா என்று கேட்கும் கணிப்புகளில் இங்கிலாந்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆம் என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் அது பாதியை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்கிறது. திரும்பத் திரும்பப் பல கணிப்புகளில் வருவதால் திசையை நம்பலாம். இலக்கத்தை நம்புவதில் கவனம் வேண்டும். நாடு முழுவதும் ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பில் ஸ்காட்லாந்துக்காரர்கள் எண்பது தொண்ணூறு பேர்தான் இருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு இந்த மாதம் இரண்டு புள்ளி இறங்கியது, ஏறியது என்பதெல்லாம் ஜோசியம். இன்னொன்று, ஊர் வித்தியாசத்தைவிட வயசு வித்தியாசம் பெரியது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் நாலில் மூன்று பேர் அளவுக்கு மன்னராட்சி வேண்டும் என்கிறார்கள். இருபத்தைந்துக்குக் கீழே அது மூன்றில் ஒருவர் அளவுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் பல்கலைக்கழகத்தை ஒட்டிய, வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் நிறைந்த பகுதியில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சர்ரே அத்தை மகன் தெருவில் சராசரி வயது என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தின் விலகலுக்கு ஒரு தனிச் சரித்திரமும் இருக்கிறது. இரண்டு நாட்டின் கிரீடங்களும் 1603இல் ஒரே தலையில் வந்தபோது, வந்த தலை ஸ்காட்லாந்தினுடையது. ஆறாம் ஜேம்ஸ்தான் தெற்கே போய் முதலாம் ஜேம்ஸ் ஆனார். அதனால் 1952இல் பட்டத்துக்கு வந்தவரை 'இரண்டாம்' எலிசபெத் என்றதும் அங்கே எரிச்சல் வந்தது. முதலாம் எலிசபெத் இங்கிலாந்தை மட்டும்தானே ஆண்டாள்? எடின்பரோவில் இன்ச் என்ற குடியிருப்பில் புது ராணியின் எழுத்தும் எண்ணும் பொறித்த தபால்பெட்டியை வைத்தார்கள். அதைத் தாக்கினார்கள், மறுபடியும் தாக்கினார்கள், 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்துவிட்டார்கள். நீதிமன்றத்துக்கும் போய்த் தோற்றார்கள். ஆனால் தோற்றவர்கள் கேட்டது நடந்தது. அதற்குப் பிறகு ஸ்காட்லாந்தில் வைத்த தபால்பெட்டிகளில் ராணியின் எழுத்து கிடையாது, ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும்தான். உங்கள் தெரு முனையில் ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள். சண்டை ராணி வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. எங்கள் ராணியா, அவர்கள் ராணியா என்பதில் இருந்தது. 2014 வாக்கெடுப்பின்போதுகூட, தனிநாடு கேட்ட கட்சியின் அதிகாரபூர்வத் திட்டத்தில் ராணிதான் தலைவராகத் தொடர்வார் என்று எழுதியிருந்தது.

எப்போதுமே இப்படி இருந்ததும் இல்லை. ராணி 1977 வெள்ளி விழாச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கியதே கிளாஸ்கோவில்தான், மே 17ஆம் தேதி, பெருங்கூட்டம். 1955 தேர்தலில் ஸ்காட்லாந்தில் பாதி ஓட்டு கன்சர்வேடிவ் தரப்புக்குப் போயிருக்கிறது. 1997இல் அவர்களுக்கு அங்கே ஒரு தொகுதிகூட இல்லை. இடையில் கப்பல் பட்டறைகளும் சுரங்கங்களும் மூடின. ஏழை பணக்காரர் பார்க்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த தலைவரியை இங்கிலாந்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே, 1989இல் ஸ்காட்லாந்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பிரிட்டிஷ் என்ற சொல்லோடு சேர்ந்த எல்லாமே, கொடி, கீதம், அரண்மனை, அந்தக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் போனது. இது என் கணிப்புதான், அளந்து சொன்னதில்லை. ஆனால் அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் பேச்சு அந்தப் பக்கம்தான் போகும்.

'ஸ்காட்லாந்து' என்று மொத்தமாகச் சொல்வதும் தப்பு. பால்மோரல் கோட்டைக்குப் பக்கத்து ஊரான பாலட்டரில் கசாப்புக் கடைக்கும் அரண்மனை முத்திரை உண்டு. அரச குடும்பம் அவர்களுக்குக் கோடைக்கால அண்டை வீட்டுக்காரர்கள். 2022 செப்டம்பரில் ராணியின் உடல் அந்த வழியாகப் போனபோது விவசாயிகள் டிராக்டர்களை வயலோரம் வரிசையாக நிறுத்தி மரியாதை செய்தார்கள். உங்கள் கிளாஸ்கோவிலேயே இரண்டு பெரிய கால்பந்துக் கிளப்கள். நீலச் சட்டை ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட், பிரிட்டிஷ் பக்கம். பச்சைச் சட்டை செல்டிக் கத்தோலிக்க, ஐரிஷ் பக்கம். அதே மாதத்தில் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் ஐப்ராக்ஸ் மைதானம் முழுக்க அட்டை பிடித்து ராணிக்கு அஞ்சலி செலுத்தினார்கள். போலந்தில் ஆடப்போன செல்டிக்கின் ரசிகர்கள் அங்கே கிரீடத்துக்கு எதிராகப் பதாகை பிடித்தார்கள். ஒரே ஊர்க் கிளப்கள், இரண்டு மைதானங்களுக்கும் நடுவே சில மைல் தூரம்.

அந்தச் செல்டிக்–ரேஞ்சர்ஸ் கோடு கடலைத் தாண்டி வட அயர்லாந்துக்குப் போகிறது. அங்கே மட்டும்தான் தெருவிருந்துக் கணக்கும் மனசுக் கணக்கும் ஒத்துப்போகும். பெல்ஃபாஸ்டில், பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டன்ட்கள் வாழும் ஷாங்கில் சாலையில் தோரணமும் மேஜையும் நிறையும். கொஞ்ச தூரம் தள்ளி, அயர்லாந்தோடு சேர விரும்பும் கத்தோலிக்கர்கள் வாழும் ஃபால்ஸ் சாலையில் ஒன்றும் இருக்காது. அங்கே கொடி என்பது நான் யார் என்கிற அறிவிப்பு. அதிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்கும் ஷின் ஃபெயின் கட்சியின் தலைவர், முன்னாள் ஐ.ஆர்.ஏ. போராளி மார்ட்டின் மெக்கின்னஸ் 2012இல் ராணியுடன் கை குலுக்கினார். 2023 முடிசூட்டுக்கு அதே கட்சியின் மிஷெல் ஓ'நீல் நேரில் போய் உட்கார்ந்தார்.

கோபம் என்று பார்த்தால் அது இங்கிலாந்துக்குள்ளேயே, லிவர்பூலில்தான் அதிகம். முடிசூட்டு நாள் சாயங்காலம் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் தேசிய கீதம் போட்டதும் எழுந்த கூச்சலைத் தொலைக்காட்சியில் கேட்டேன். அரங்கத்துப் பெரும்பகுதி ஊளையிட்டது, கிளப்பின் பெயரைப் பாடியது. முந்தைய வருஷம் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்திலும் இதேதான். இதற்கு அயர்லாந்து வம்சாவளி காரணம் என்பார்கள், ஓரளவு சரி. ஆனால் அதே ஊரில் ராஜவிசுவாசப் புராட்டஸ்டன்ட்களின் ஆரஞ்சு அணிவகுப்புகளும் நடந்தன, 1950கள் வரை கன்சர்வேடிவ் கட்சிதான் நகரசபையை ஆண்டது. எனக்குத் தோன்றுவது, அங்கே கீதத்துக்கு எதிரான கூச்சல் அரச குடும்பத்தைப் பார்த்து எழுந்ததைவிட லண்டனைப் பார்த்து எழுந்தது அதிகம். 1981 டாக்ஸ்டெத் கலவரத்துக்குப் பிறகு அந்த ஊரைத் தேயவிடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று நிதியமைச்சர் ஹவ், தாட்சருக்கு எழுதியது முப்பது வருஷம் கழித்து வெளியே வந்தது. 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். செத்தவர்கள் மேலேயே பழி போட்டார்கள். அவர்களில் 96 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 ஆனது. கீதம் என்பது அரசு பேசுகிற குரல். அதைக் கேட்டால் அவர்களுக்கு வேறு ஞாபகம் வருகிறது.

வேல்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தென் வேல்ஸ் சுரங்க ஊர்களில் தெருவிருந்து பழைய வழக்கம். வடமேற்கில், வேல்ஸ் மொழி பேசும் பகுதியில் முகம் வேறு. இதே சார்லஸுக்கு 1969இல் கார்னார்வன் கோட்டையில் வேல்ஸ் இளவரசர் பட்டம் கட்டினார்கள். வேல்ஸை வென்ற முதலாம் எட்வர்ட் கட்டிய கோட்டை அது. முந்தைய இரவு அபெர்கெலேயில் வெடிகுண்டு கொண்டுபோன இருவர் அது வெடித்து இறந்தார்கள். வில்லியமுக்கு அப்படியொரு விழா வைக்கத் திட்டமில்லை என்று சொல்லியிருப்பது யோசித்துச் சொன்னதுதான்.

ஆக, ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ராஜாவைப் பிடிக்காதா என்றால், சிலருக்குப் பிடிக்காது, சிலருக்கு ரொம்பப் பிடிக்கும், பெரும்பாலோருக்கு அது தெருவை அடைக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. நீங்கள் சொன்ன வாழ்த்தில் தப்பில்லை. சிரித்தவர், வெளியூர்ப் பையன் தொலைக்காட்சி பார்த்துச் சொல்கிறான் என்று சிரித்திருப்பார். காது கேட்காத மாதிரி போனவருக்கு, நீங்கள் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. கிளாஸ்கோவில் அந்தச் சந்தேகம் வந்தால் பேச்சை மாற்றிவிடுவது மரியாதை. என் தங்கை மகன் அங்கே பிறந்து வளர்ந்தவன். சனிக்கிழமையானால் பச்சைச் சட்டையும் போடமாட்டான், நீலச் சட்டையும் போடமாட்டான். சாம்பல் கலரில் மூன்று வைத்திருக்கிறான்.